ஆளுக்கு இரண்டு கிராம்

வேலை செய்யும் இடத்தில் அவரை ஐஸ் அண்ணன் என்பார்கள். விருந்து ஏற்பாடு செய்து தரும் நிறுவனம் அது. அதன் பட்டியலில் கடைசிக்கு முந்தைய வரி, வோட்காவும் கேவியரும் ருசி பார்க்கும் மேசை. பத்தொன்பது வருடமாக அந்த ஒரு வரியில்தான் அவர் குடியிருக்கிறார்.

"ஊருக்கெல்லாம் ஐஸ் வைக்கிற மனுஷன், கட்டின பொண்டாட்டிக்கு வைக்கத் தெரியாம கோட்டை விட்டுட்டாரு" என்று சமையல்காரர் கிண்டல் செய்வார். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு இவரும் சிரிப்பார்.

வேலை இரண்டு நாள் முன்பே தொடங்கிவிடும். தண்ணீரை இரண்டு முறை கொதிக்கவைத்து ஆறவிடுவார். அப்போதுதான் கட்டி கண்ணாடி போல உறையும். தகரப் பெட்டியில் வோட்கா பாட்டிலை நிறுத்தி, எலுமிச்சை வில்லைகளையும் இலைகளையும் சுற்றிப் போட்டு, தண்ணீர் ஊற்றி உறையவைப்பார். விருந்தன்று பெட்டியை உருவினால் பனிக்குள் ஒரு தோட்டம், தோட்டத்துக்குள் ஒரு பாட்டில். வோட்கா உறைபெட்டிக் குளிரிலும் உறையாது. எண்ணெய் மாதிரி கெட்டிப்படும், அவ்வளவுதான். கேவியர் அப்படியல்ல. உப்பிட்ட மீன்முட்டை, ஒவ்வொன்றும் கடுகை விடக் கொஞ்சம் பெரிசு. பனிக்கட்டி மேல் வைக்கலாம், பனிக்கட்டியாக விடக்கூடாது. உறைந்தால் முட்டை வெடித்துக் கூழாகிவிடும். ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற இரண்டுக்கும் ஒரே குளிர் ஒத்துக்கொள்ளாது.

அவர் குடிப்பதில்லை. கேவியரை ருசி பார்த்ததும் இல்லை. வேலை நேரத்தில் வாயில் வைக்கக்கூடாது என்பது நிறுவனத்தின் சட்டம். வேலை இல்லாத நேரத்தில் அது அவர் கைக்கு எட்டாது.

தையல் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் அவர் உட்காருவார், மற்றதில் சட்டை உட்காரும். விடுமுறை நாளில் யாரோடும் பேச வேண்டியிருக்காது. மறுநாள் காலை பேருந்தில் டிக்கெட் கேட்கும்போது குரல் முதலில் இருமலாகத்தான் வெளியே வரும்.

மனைவி பிரிந்து தன் அண்ணன் வீட்டுக்குப் போனபோது மகளுக்குப் பதினைந்து வயது. பெரிய சண்டை எதுவும் இல்லை. மற்றவர்கள் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் போன மனிதர் தன் வீட்டு விசேஷம் ஒன்றுக்கும் வந்து சேரவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. அது உண்மையாக இருந்ததால் அவர் மறுக்கவில்லை. மகள் பட்டம் வாங்கிய அன்று மட்டும் எப்படியோ நேரத்துக்குப் போய்விட்டார். வேலையிலிருந்து நேராகப் போனதால் உடம்பில் சீருடை. மகளின் தோழிகள் அவரைக் கேன்டீன் ஆள் என்று நினைத்து, "அண்ணே, நாலு டீ" என்றார்கள். இவர் போய் நாலு டீ வாங்கிக்கொண்டு வந்தார். தட்டோடு வந்தவரை மகள் பார்த்தாள்.

"ஏன் போய் வாங்கிட்டு வந்தீங்க? நான் அவ அப்பான்னு ஒரு வார்த்த சொன்னா என்ன?"

அது நடந்து நான்கு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அவள் அவர் எதிரே நின்று ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, அப்பா என்று கூப்பிடவும் இல்லை.

போன மாதம் வேலைப் பட்டியலில் ஒரு பகல் விருந்து வந்தது. ஒரு அலுவலகத்தின் பத்தாம் ஆண்டு, அறுபது பேர். தொடர்பு கொள்ள வேண்டியவர் என்ற இடத்தில் மகளின் பெயர். அதற்குப் போட்டிருந்த ஆளிடம் தன் இரண்டு விடுமுறை நாட்களைக் கொடுத்து அந்த நாளை வாங்கிக்கொண்டார். அவள் வாயால் ஒரு முறை, ஒரே ஒரு முறை அப்பா என்று கேட்டுவிட வேண்டும். வேறு ஆசை இல்லை.

காலை எட்டு மணிக்கே போய் இறங்கினார். நான்காம் மாடியில் நீளமான கூடம், ஒரு பக்கம் முழுக்க ஜன்னல். கையில் காகிதக் கத்தையோடு வந்த மகள் அவரைப் பார்த்து நின்றாள். மூன்று நொடி இருக்கும். பக்கத்தில் அவளுடைய மேலாளர் இருந்தார்.

"டேபிள ஜன்னல் பக்கம் போட்டுடுங்க" என்றாள்.

"சரிங்க மேடம்" என்று அவர் வாய் சொல்லியது.

பிறகு கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. மேசையைப் போட்டார், துணி விரித்தார், கோதுமை, ரை என்ற தானியம், உருளைக்கிழங்கு என்று மூன்று வகை வோட்காவையும் லேசானதிலிருந்து காரமானது வரை வரிசையாக எடுத்துவைத்தார். எதைச் செய்தாலும் கண் கதவிலேயே இருந்தது. சிப்பியில் செய்த கரண்டிகளை மூன்று தடவை துடைத்தார். உலோகம் பட்டால் கேவியர் ருசி கெடும் என்பதால் சிப்பி. பனிக்கட்டிக்குள் இருந்த பாட்டில்களை விருந்து நேரம் வரை உறைபெட்டியில் அடுக்கினார், குட்டிக் குட்டிக் கிளாஸ்களை அடுக்கினார். பக்கத்தில் இருந்த மூன்று கேவியர் டப்பாக்களையும் எடுத்து அதே பெட்டியில் அடுக்கி மூடினார்.

பதினொரு மணிக்குக் கிளாஸ் எடுக்கத் திறந்தபோதுதான் பார்த்தார். மூடியோரத்தில் வெள்ளை பூத்திருந்தது. ஒரு டப்பாவைத் திறந்து கரண்டி முனையால் தொட்டார். முட்டைகள் உடைந்து கறுப்புச் சேறாகக் கசிந்தன. பத்தொன்பது வருடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேருக்கு, செய்யக்கூடாதது என்று அவர் சொல்லிக்கொடுத்த முதல் விஷயம் அது.

தப்பியது ஒன்றே ஒன்று. எப்போதும் தன் பையில் ஈரப் பனிக்கு நடுவே தனியாக வைத்திருக்கும் உபரி டப்பா, நூற்றிருபத்தைந்து கிராம்.

நிறுவனத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்திருந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். "அடப்பாவமே! நீங்களா இப்படி? சரி விடுங்கண்ணே, புளிச்ச க்ரீம்ல கலக்கி உருளைக்கிழங்கு மேல வச்சிடுவோம். தின்னவனுக்கு என்ன தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்" என்றார் அவர். டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்தின் மறுகோடிக்கு நடந்தார். அது நீளமான கூடம்.

மகள் பூச்சாடிகளை நகர்த்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. நான்கு வருடத்தில் யோசித்துவைத்த வாக்கியங்கள் நிறைய இருந்தன. வெளியே வந்தது இதுதான்:

"மூணு டப்பா கெட்டுப்போச்சு. என் தப்பு. தெரியாம உறைபெட்டில வச்சிட்டேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் முதலில் வந்தது கோபம் இல்லை, பயம்.

"இந்த டேபிள் என்னோட ஐடியா தெரியுமா? சாப்பாடு மட்டும் போதும்னாங்க. நான்தான் அடம்புடிச்சேன். சேர்ந்து ஆறு மாசம்கூட ஆகல எனக்கு. மேலாளர்கிட்ட இப்ப என்ன சொல்றது?"

சின்ன வயதில் அவள் தூங்கப் போகும்முன், அன்று போட்ட மேசை எப்படி இருந்தது என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னதுண்டு. அவள் கேட்டாளா, தூங்கிப்போனாளா என்று அவருக்கு எப்போதும் தெரிந்ததில்லை.

"ஒரு டப்பா இருக்கு" என்றார். "ஆளுக்கு ரெண்டு கிராம் வரும். தட்டுல வச்சு எடுத்துக்கச் சொன்னா முதல் பத்து பேர் முடிச்சிடுவாங்க. நானே வைக்கறேன், ஒவ்வொருத்தர் கையிலயும். புறங்கையில, கட்டைவிரலுக்குப் பக்கத்துல. நல்ல கேவியர் விக்கறவங்க அப்படித்தான் ருசி பார்ப்பாங்க. தோலுக்குன்னு தனி ருசி கிடையாது. ஒரே ஒரு வரிசை மட்டும் நிக்க வச்சிக் குடு, போதும்."

"வரிசைல நிப்பாங்களா இவங்க?"

"நீ சொன்னா நிப்பாங்க."

நின்றார்கள். "என்னங்க, தடுப்பூசி போடற மாதிரி இருக்கு?" என்றார் கணக்குப் பிரிவுக்காரர். "வலிக்காம போடுங்கண்ணே" என்றாள் பின்னால் நின்றவள். "இம்மாத்தூண்டுல என்ன தெரியும்?" என்று முனகியவரிடம், "கடிக்காதீங்க. நாக்கால மேல அழுத்துங்க. உடையும் பாருங்க, அப்புறம் வோட்கா" என்றார். முனகியவர் அழுத்தினார், கண்ணை மூடிக்கொண்டார். அதைப் பார்த்து வரிசையில் சத்தம் அடங்கியது.

விரலில் மை, கணுவில் தழும்பு, நகம் கடித்த கை, வாட்ச் தடம், வியர்த்த கை, நடுங்கும் கை. ஒவ்வொரு கையையும் இடது கையால் ஏந்தி வலது கையால் வைத்தார். கடைக்காரர் சில்லறை தரும்போது படுவதைத் தவிர மனிதத் தோல் அவர் மேல் பட்டு மாதக்கணக்காகியிருந்தது. ஒரு மணி நேரத்தில் அறுபது பேர். மேலாளர் மட்டும் இரண்டாம் முறை வரிசையில் நிற்கப் பார்த்தார். மகள் அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள், எல்லோரும் கைதட்டினார்கள். "இந்தப் பொண்ணு பெரிய ஆளுப்பா!" என்றார் மேலாளர்.

மகள் வரிசையில் வரவே இல்லை. அவளுக்கென்று ஒரு கரண்டியளவு டப்பாவின் ஓரத்தில் ஒதுக்கிவைத்திருந்தார். கடைசியில் தாமதமாக ஓடிவந்த காவலாளி கையை நீட்டியபோது அதையும் வைத்துவிட்டார்.

நான்கு மணிக்குக் கூடம் காலியானது. வேலை முடிந்ததற்குக் கையெழுத்துப் போட மகள் வந்தாள். குறை ஏதேனும் என்ற கட்டத்தின் மேல் பேனா நின்றது.

"எழுதும்மா" என்றார். "நடந்தத எழுதணும்."

அவள் எழுதவில்லை. டப்பாவைப் பார்த்தாள். "தீர்ந்துடுச்சா?"

"தீர்ந்துடுச்சு."

"பரவால்ல. நான் மீன் சாப்பிடறத விட்டு ரெண்டு வருஷமாச்சு."

அது அவருக்குத் தெரியாது. தெரியாதவை இன்னும் எத்தனை இருக்கும் என்று நினைக்கையில் அவள் குனிந்தவாறே பேசினாள்.

"அப்பா, அடுத்த தடவ வேற ஆள அனுப்பச் சொல்லுங்க. நீங்க நின்னுக்கிட்டே இருக்கீங்க, நான் மேடமா சுத்திக்கிட்டு இருக்கேன். என்னால முடியல."

கீழே இருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். எப்போது பார்க்கலாம், எங்கே வரலாம் என்று அவள் சொல்லவில்லை; அவரும் கேட்கவில்லை. மாடிப்படியில் செருப்புச் சத்தம் இறங்கிக்கொண்டே போனது.

மேற்பார்வை அம்மாள் அவசரமாக வந்தாள். "என்னண்ணே சொல்லிட்டுப் போறாங்க? புகாரா?"

"அடுத்த தடவ என்னை அனுப்ப வேண்டாமாம்."

"அதுக்கு எதுக்கு இப்படிச் சிரிக்கறீங்க?"

அவர் மூன்று பாட்டில்களையும் பனியிலிருந்து உருவி எடுத்தார். எலுமிச்சை வில்லைகள் தண்ணீரில் மிதந்தன. பனி உருகி நிறைந்த தட்டைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அம்மாள் கை கொடுக்க வருவதற்குள் தனியாகவே தூக்கிக்கொண்டு, சிந்தாமல், மெதுவாக நடந்தார்.