இரண்டு முறை இறங்கிய விமானம்

பேய், மாயம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நான்காம் வகுப்போடு நின்றவன்தான், ஆனாலும் அதையெல்லாம் நம்பியதில்லை. இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் சரி, சித்தூர் பக்கத்துக் கங்காதர நெல்லூரில் என் வீட்டில் பட்டப்பகலில் நடந்தது.

என் மகன் குமாருக்கு மாலத்தீவில் ஓட்டல் சமையல் வேலை. அன்று காலை மாலே விமான நிலையத்திலிருந்து தெற்குக் கோடியில் இருக்கிற கான் தீவுக்கு மாற்றலாகிப் போனான். நடுவில் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கடலாம், ஆனால் விமானத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் போதுமாம். திருப்பதியிலிருந்து சித்தூர் வருகிற பஸ்ஸுக்கே அதைவிட அதிக நேரம் ஆகும். ஏறிவிட்டேன், இறங்கினதும் பேசுகிறேன் என்று சொல்லிப் போனை அணைத்துவிட்டான்.

அன்றைக்குத்தான் என் மகளைப் பெண் பார்க்கத் திருப்பதியிலிருந்து வருகிறார்கள். இரண்டு சம்பந்தம் கைநழுவி, இது மூன்றாவது. வீடெல்லாம் வேர்க்கடலைத் தோலும் மண்ணும். என் மனைவியோ துடைப்பத்தைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பயணம் போனவர் போய்ச் சேரும்வரை வீடு பெருக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒன்றேகால் மணி நேரம் எப்போதோ தாண்டிவிட்டதே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"புள்ள வானத்துல போய்க்கினு கீறான். இப்போ பெருக்கினா அவன் போற வழியவே பெருக்கித் தள்ளுன மாரி. நீ கம்முனு இரு" என்றாள்.

மகள் பட்டுப் புடவையோடு கண் கலங்கி நிற்கிறாள். அவர்களை அழைத்து வருகிற என் மச்சான் சித்தூரில் இறங்கிவிட்டதாகப் போன் செய்தான். விஷயத்தைச் சொன்னால் சிரிக்கிறான்.

"உம் புள்ள ஏரோப்ளேன், நாங்க ஷேர் ஆட்டோ. பாப்போம் மாமா, யாரு முந்தறதுன்னு."

எனக்கு வந்த எரிச்சலுக்குப் போனைக் கிணற்றில் போட்டிருப்பேன். அப்போது அதுவே அடித்தது. குமார் பெயர்தான் வந்தது.

"நைனா, சேந்துட்டேன். அம்மாவ பெருக்கச் சொல்லு."

வைத்துவிட்டான். அவள் எழுந்து பெருக்கினாள். அவர்கள் வந்தார்கள், காபி குடித்தார்கள், மகளைப் பிடித்துவிட்டது என்று சொல்லிவிட்டே கிளம்பினார்கள். அவர்களை ஆட்டோ ஏற்றிவிட்டுத் திரும்பும்போது மறுபடியும் போன்.

"நைனா, இப்பத்தான் எறங்கினேன். உள்ள ஒக்கார வச்சே லேட் பண்ட்டாங்க."

முன்பே பேசினாயே என்றேன். போன் அணைத்தே இருந்தது, பேசவில்லை என்று சத்தியம் செய்தான். மச்சானிடம் கேட்டால், நெட்வொர்க்கில் பழைய பேச்சு எங்காவது சுற்றிக்கொண்டிருக்கும் என்கிறான். பேசாத பேச்சு எப்படி ஐயா சுற்றும்?

அது போகட்டும். அந்த முதல் போனில் அவன் குரலுக்குப் பின்னால் யாரோ பெருக்கும் சத்தம் கேட்டது, கூடவே கண்ணாடி வளையல் சத்தமும். என் மனைவி அப்போது துடைப்பத்தின் மேல்தான் உட்கார்ந்திருந்தாள்.

அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவன் வானத்தில் இருக்கும்போது பெருக்கிவிட்டேனா என்று உயிரை விட்டுவிடுவாள். இப்போதும் அவன் தீவு மாறும்போதெல்லாம், சேர்ந்துவிட்டேன் என்று போன் வந்ததும் துடைப்பத்தை எடுத்துவிடுகிறாள். நான் மட்டும் வெளியே போய் நின்று, இரண்டாவது போன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.