டிரம்முக்குள் கை

சாயங்காலம் நாலேகாலுக்கு வயலுக்குப் போனேன். நெல்லுக்குத் தெளிக்க ஊறவைத்த வேப்பங்கொட்டைக் கரைசலை என் மகள் டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

நான் சிறுமியாக இருந்தபோது, எங்கள் ஊரான காணையில் இதே வயலில், அப்பா பூச்சி மருந்தை இப்படித்தான் கலக்கினார். மூக்கை எரிக்கும் வாடை. அம்மா குச்சியை நீட்டியதற்கு, “கழுவினா போச்சு, போடி” என்று சிரித்தார். மருந்து தோல்வழி ஏறி, அன்றைக்கே விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில், அம்மா மடியில் இறந்தார். கழுவியும் அந்தக் கையில் வாடை போகவில்லை.

மகளின் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

“வேப்பங்கொட்டைதாம்மா. இன்னாத்துக்கு அழுவுற?”

எனக்கும் தெரியும். ஆனாலும் கையை விட முடியவில்லை.

வரப்பில் வந்த என் அண்ணன் அவளிடம் மெதுவாகச் சொன்னார்: “அது ஒண்ணும் பண்ணாது, கண்ணு. உங்கம்மா பாக்கறப்ப மட்டும் குச்சியால கலக்கு.”