ஒன்றே கால் குடம்

அந்தத் தாளை எழுதியது நான்தான். கோபம் யார் மேல் என்று கேட்பவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

மத்திய அரசு வேலையில் கணவருக்கு மாற்றலாகி, சென்னையிலிருந்து வங்காளத்து ஜாதவ்பூரில் இந்த அடுக்குமாடிக்கு வந்தபோது, சாமான்களோடு இரண்டு பிளாஸ்டிக் குடங்களும் வந்து இறங்கின. கங்கை ஓடுகிற ஊரில் குடம் எதற்கு என்று மகள் சிரித்தாள். தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடியவளுக்குக் குடத்தைத் தூக்கிப் போட மனசு வராது. இங்கே வந்து பார்த்தால், தெருக்குழாயில் திருகே இல்லை. தண்ணீர் அது பாட்டுக்குக் கொட்டுகிறது, ஒருவரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

போன கோடையில் எங்கள் கட்டடத்து மொட்டைமாடித் தொட்டி மதியத்துக்குள் காலியாக ஆரம்பித்தது. குடியிருப்போர் கமிட்டி கூடியது. தரைத்தளத்தில் இருக்கும் செயலாளர், ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி, ஆளுக்கொரு யோசனை சொல்லுங்கள் என்றார். எனக்குச் சொல்லித்தரவா வேண்டும்? மறுநாளே ஷவருக்கு அடியில் குடத்தை வைத்து, அது நிறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தேன். பிறகு குளியலறைக்கு வெளியே கைபேசியோடு நின்று, வீட்டில் ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் ஷவரைத் திறந்து வைக்கிறார்கள் என்று குறித்தேன்.

"குளிக்கிறவன் வாசல்ல நின்னு நேரம் பாக்கறியே, உனக்கே நல்லாருக்கா?" என்றார் கணவர். நன்றாகத்தான் இருந்தது. அவருக்கு ஒன்பது குடம். தலைக்குக் குளிக்கிற நாளில் மகளுக்குப் பதினொன்று. ஊருக்கு உபதேசம் செய்கிற எனக்கு ஏழு. வெட்கமாகப் போய்விட்டது. கரியாஹாட் கடைத்தெருவுக்குப் போய், தண்ணீரைக் குறைத்துப் பீய்ச்சுகிற ஷவர் ஒன்றை வாங்கி வந்து மாட்டினேன். சோப்புப் போடும்போது மூடிவிட வேண்டும் என்று சட்டமும் போட்டேன். ஒரு வாரம் வீட்டில் முகங்கள் சரியில்லை. ஆனால் யாரும் நாலு குடத்தைத் தாண்டவில்லை.

எல்லாவற்றையும் ஒரு தாளில் அழகாக எழுதினேன். முன்பு இவ்வளவு, இப்போது இவ்வளவு. கணக்கு நேர்மையாக இருக்க வேண்டுமே என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: மாஷி, பக்கெட் குளியல், ஒன்றே கால் குடம்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணைத்தான் இந்த ஊர் வழக்கப்படி மாஷி, அதாவது சித்தி, என்று கூப்பிடுவோம். என்னைவிட இரண்டு வயது சின்னவள். அவளுக்கு நான் பௌதி, அண்ணி. விடியற்காலை ரயிலில் வந்து இதே கட்டடத்தில் மூன்று வீடுகளில் வேலை பார்க்கிறாள். கடைசி வீடு எங்களுடையது. மூன்று மணிக்கு வேலையை முடித்து, எங்கள் குளியலறையில் குளித்து, வேறு புடவை மாற்றிக்கொண்டு ரயிலேறுவாள். அவள் ஊரில் குளத்தில்தான் குளிக்க வேண்டும். கரையில் எப்போதும் ஆள் இருக்குமாம், உடுத்த புடவையோடு முங்கி எழ வேண்டுமாம். கதவைச் சாத்திக்கொண்டு குளிப்பது இங்கே மட்டும்தான் என்று ஒருமுறை சொன்னாள்.

கமிட்டியில் என் தாளைக் கைக்குக் கை கொடுத்துப் பாராட்டினார்கள். இரண்டு நாள் கழித்து மாடிப்படிப் பலகையில் அறிவிப்பு தொங்கியது. தண்ணீர்ச் சிக்கனம் கருதி, வீட்டு வேலை செய்பவர்கள் கட்டடத்தில் குளிக்கக் கூடாது, சொந்தத் துணி துவைக்கக் கூடாது. அவ்வளவுதான். ஒன்பது குடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பதினொன்றைப் பற்றி இல்லை. இருந்ததிலேயே சின்ன வரியைப் பிடித்து அடித்துவிட்டார்கள்.

செயலாளரிடம் போய்க் கேட்டேன். அவர் நிதானமாக, மரியாதையாகச் சொன்னார்: "நீங்கதானே கணக்குக் குடுத்தீங்க, மேடம். எங்களுக்கு இது தோணவே இல்ல."

அந்த மரியாதையை இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. மாஷி அன்றிலிருந்தே குளிப்பதை நிறுத்தினாள். வேர்வையோடு, அதே புடவையோடு, என்னை நிமிர்ந்து பார்க்காமல் கிளம்பினாள். புது ஷவரைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது.

தொட்டி ஏன் காலியாகிறது என்பதை அடுத்த வாரம் காலையில்தான் கண்ணால் பார்த்தேன். தொட்டி நிறைந்தும் மோட்டாரை யாரும் நிறுத்தவில்லை. வழிகிற தண்ணீர் பின்பக்கக் குழாய் வழியாக முற்றத்தில் கொட்டி, நேராகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. மதியம் மறுபடி ஏற்றக் கீழ்த்தொட்டியில் மிச்சம் எங்கே இருக்கும்? ஓடிப்போய்க் குடத்தை எடுத்து வந்து அடியில் வைத்தேன். நிறைந்தது. கொட்டினேன். மறுபடி நிறைந்தது. சந்தைக்குக் கிளம்பியவர்கள் நின்று பார்த்தார்கள். வங்க மொழியில் உரக்க எண்ணினேன். நான் பதினெட்டு எண்ணும்போது, செயலாளர் வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு வெளியே வந்தார்.

மோட்டார் நின்றது. நான் ஈரப் புடவையோடு படியேறி, பலகையிலிருந்த அறிவிப்பைக் கிழித்தேன். இதையெல்லாம் கமிட்டியில்தான் பேச வேண்டும் என்றார் அவர்.

"மொதல்ல உங்க வீட்டுக் குளியல் கணக்கை எழுதிக்கிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

அவர் இன்றுவரை கொண்டுவரவில்லை. அன்று மூன்று மணிக்கு மாஷியிடம், குளித்துவிட்டுப் போ என்றேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"தலை ஈரமா இருந்தா வாச்மேன் பாப்பான், பௌதி. மத்த ரெண்டு வீடும் போயிடும்."

"கேட் வரைக்கும் நான் உன்கூட வரேன். எவன் கேக்கறான்னு பாக்கலாம்."

அவள் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு மாற்றுப் புடவையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பக்கெட்டில் தண்ணீர் விழுந்து, உடனே நின்றது. பிறகு ஒரு சொம்பு. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு சொம்பு. வழக்கத்தைவிடப் பயந்து பயந்து ஊற்றினாள். மூன்று, நான்கு, ஐந்து. கதவுக்கு வெளியே நின்று நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்பது ஆறாவது சொம்பில்தான் எனக்கு உறைத்தது.

சமையலறைக்குப் போனேன். மறுநாள் சட்னிக்கு வைத்திருந்த தேங்காயை மிக்ஸியில் போட்டு, அவள் குளித்து முடித்துக் கதவைத் திறக்கிறவரை, சொம்புச் சத்தம் காதில் விழாதபடி அரைத்துக்கொண்டே இருந்தேன்.