மச்சானுக்கு நான் ஊற்றாத பால்

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். தொடக்கப்பள்ளியோடு படிப்பு நின்றுவிட்டது, பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால் எழுதுகிறேன்.

எங்களிடம் ஒரு சின்ன எவர்சில்வர் பானை இருக்கிறது. சிங்கப்பூரில் சுவா சூ காங் பக்கம் அரசு வீடு கிடைத்தபோது அதில்தான் பால் காய்ச்சினோம். பால் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று வானொலியில் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். பாதி எனக்குப் புரியவில்லை. நான் அறிந்த பொருள் வேறு. பிறந்த குழந்தைக்குப் பால், குடிபோகும் வீட்டுக்குப் பால், உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டு கிடப்பவர் வாயிலும் பால்.

என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், சிராங்கூன் சாலையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கல்யாணமாகியும் நாங்கள் அவர் வீட்டில்தான் இருந்தோம். கடைக்குச் சமைத்தது முழுக்க என் மனைவி. நாங்கள் தனியாகப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை.

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று பானையின் கழுத்தில் மஞ்சள் கட்டி அவள் அடுப்பில் வைத்தாள். எல்லாரும் படம் எடுக்கத் திரும்பிய நேரத்தில் மச்சானின் கை அடுப்புக் குமிழுக்குப் போனதை நான் பார்த்தேன். தீ சிறுத்தது. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் அவர் சிரித்தார். ஏடு படிந்ததே தவிர பால் பொங்கவில்லை.

“இன்னும் எவ்ளோ நேரம் லா?” என்று யாரோ கேட்டார்கள்.

“நல்ல நேரம் முடிஞ்சிருச்சு, இறக்கும்மா. வீடு ஒன்ன ஏத்துக்கல” என்றார் மச்சான்.

எல்லாரும் போன பிறகு நான் சொன்னபோது அவள் நம்பவில்லை. “எங்கண்ணன் அப்படிச் செய்யாது” என்றாள். தன் கைதான் ராசியில்லாதது என்று முடிவு கட்டினாள். பதினெட்டு வருடம் பொங்கல் வைக்கவில்லை, யார் வீட்டுப் பால் காய்ச்சுக்கும் போகவில்லை. விடிந்தால் அண்ணன் கடைக்கு மட்டும் போனாள். நான் காத்திருந்தேன்.

போன வருடம் மச்சான் படுக்கையில் விழுந்தார். மூன்று நாளாக ஆளுக்கொரு கரண்டி பால் ஊற்றியும் உயிர் போகவில்லை. “மாப்பிள்ளை ஊத்தலையே, அதான் இழுக்குது” என்று என் மனைவியின் பெரியம்மா என்னைக் கூப்பிட்டார். கரண்டியில் பாலை எடுத்து அவர் உதட்டருகே கொண்டுபோய் நிறுத்தினேன்.

“மச்சான், அன்னைக்கு அடுப்பைக் குறைச்சது யாரு? ஒங்க தங்கச்சி நிக்குது, சொல்லுங்க.”

அவர் கண் பாலைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. “நான்தான்” என்றார்.

“ஏண்ணே?” என்றாள் என் மனைவி.

“நீ போயிட்டா… கடைக்கு யாரு இருக்கா?”

பாலைத் திரும்பக் கிண்ணத்திலேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். மத்தியானம் அவர் போய்விட்டார். உறவினர்கள் என்னைக் கல்நெஞ்சன் என்கிறார்கள். தாகத்தோடு போனாரோ என்னவோ. போயிருந்தால் போகட்டும். என் மனைவியின் பதினெட்டு வருடத்துக்கு அந்த ஒரு கரண்டி ஈடாகாது.

இன்று காலை அவள் அதே பானையை எடுத்துக் கழுவினாள். மஞ்சள் கட்டினாள். தீயை முழுதாக வைத்தாள். பால் நுரைத்து ஏறி, நான்கு பக்கமும் வழிந்து, அடுப்பையே அணைத்தது. நான் குமிழை மூடக் கை நீட்டினேன்.

“நீங்க தொடாதீங்க. நான் மூடுறேன்” என்றாள்.

தை முதல் நாள்.