ஒட்டாத குழாய்

செவ்வாய்க்கிழமை காலையானால் எங்கள் ஆய்வுக்கூடத்தில் "இன்றைக்கு யார் ரத்தம்?" என்று கேட்பார்கள். ஜெர்மனிக்கு வந்த புதிதில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம்மூரில் சொந்தத்துக்கே ரத்தம் கேட்டால் பாதிப் பேர் போனை எடுக்க மாட்டார்கள். இங்கே என்னோடு வேலை பார்க்கும் ஹான்னா, உடம்புக்குள் வைக்கிற ஒரு செயற்கை ரத்தக்குழாயைச் சோதிப்பதற்காகக் கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டு, சாக்லேட்டைத் தின்றபடி வேலைக்குத் திரும்புவாள். அதற்கு முன் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஆஸ்பிரின் சாப்பிட்டிருந்தால் அந்த ரத்தம் வேண்டாம் என்பார்கள். மாத்திரை போட்ட ரத்தம் சுலபத்தில் உறையாது. குழாயின் லட்சணம் தெரியாமல் போய்விடும்.

அந்தக் குழாயின் உட்புறத்தில் பூச்சு போடுவதுதான் என் வேலை. ரத்தத்துக்கு வெளிப்பொருள் ஆகாது. தொட்ட நொடியிலேயே அதிலுள்ள புரதங்கள் போய்ப் படியும், அவற்றின் மேல் தட்டணுக்கள் ஒட்டும், பிறகு கட்டிதான். தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் பூச்சாக இருந்தால், புரதம் படிய இடம் கிடைக்காமல் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தை நீட்டுவதற்காக ஒன்பது வருடமாக இந்தக் குளிரில் கிடக்கிறேன்.

இதை அண்ணனிடம் ஒழுங்காகச் சொல்லியிருக்கலாம். அவனுக்குச் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பாத்திரக்கடை. இரண்டு சிறுநீரகமும் போய், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஊசி குத்துவதற்காக முன்கையில், தோலுக்கடியில் ஒரு செயற்கைக் குழாய் வைத்திருந்தார்கள். போன வருடம் லீவில் ஸ்ரீரங்கம் போயிருந்தபோது கேட்டான்.

"கையில வெச்சிருக்கிறது நம்ம கடை நான்ஸ்டிக் கல்லுல பூசுற அதே சாமானாம் பாப்பா. டாக்டர் சொன்னாரு. நெசமாவா?"

"ஆமாண்ணே, அதேதான்."

என் வாய் நிறைய தோசை. அதற்கு மேல் விளக்கச் சோம்பல்.

மாவு ஒட்டாதென்றால் ரத்தமும் ஒட்டாது என்று அவன் முடிவு கட்டிவிட்டான். ஊருக்கே நான்ஸ்டிக் கல் விற்றவனாயிற்றே! ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையால் ஈறு கசிகிறது என்று, சத்தமில்லாமல் அதை நிறுத்தியும் விட்டான். நான் ஜெர்மனி திரும்பிய மூன்றாம் வாரம் அண்ணி போன் பண்ணினார்.

"குழாய் அடைச்சிடுச்சு. ஏங்க மாத்திரைய நிறுத்துனீங்கன்னு கேட்டா, ஒட்டாதுன்னு பாப்பாவே சொல்லிடுச்சுங்கறாரு."

பாவி நான். மாவு ஒட்டாத கல்லிலும் புரதம் படியும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? அடுத்த கையில் வைத்த குழாயும் அடைத்தது. இப்போது நெஞ்சில் வைத்திருப்பதில் சீழ். இனி வைக்க இடமில்லை என்று டாக்டர் அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். எங்கள் பூச்சு மனித உடம்புக்குள் போக இன்னும் பல வருடம் ஆகும். அவனுக்கு அவ்வளவு நாள் இல்லை.

ஹான்னாவிடம், "அண்ணனுடையது அடைத்துவிட்டது" என்றேன்.

"எந்தப் பூச்சு? எத்தனையாவது மணியில்?" என்று நோட்டைத் திறந்தாள். ஏதோ சோதனைக் குழாய் என்று நினைத்துவிட்டாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

போன செவ்வாய் ரத்தம் கொடுக்க என் முறை; காலையிலேயே அண்ணனிடமும் சொல்லியிருந்தேன். ஆஸ்பிரின் இல்லை என்று படிவத்தில் எழுதினேன். அண்ணனுக்கும் எனக்கும் ஒரே ரத்த வகை. குழாயில் என் ரத்தம் நான்கு மணி நேரம் நன்றாக ஓடியது. எனக்கு அசட்டுத்தனமாக ஓர் ஆசைகூட வந்தது. ஐந்தாம் மணியில் குழாய்க்குள் கறுப்பாக ஓர் இழை தெரிந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணன் போனில் கூப்பிட்டான்.

"நம்ம குழாய் என்னாச்சு பாப்பா?"

"ஒட்டுதுண்ணே."

 சிரித்தான்.

"நம்ம ரத்தமாச்சே, ஒட்டத்தான் செய்யும்."

போனைக் காதில் வைத்தபடியே குழாயை மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் வாளியில் போட்டு மூடினேன். ஒருமுறை மூடினால் திறக்க முடியாத வாளி அது. மறுநாளே இந்த ஊர் உலையில் எரிந்திருக்கும். அதே ரத்தம் ஸ்ரீரங்கத்தில் இன்னும் எத்தனை நாள் ஓடுமோ.