வலையில் பட்ட நெல்லுக்குருவி

குருவியைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப் பேர் குருவியைப் பார்க்காமலே எழுதுகிறார்கள். இந்தியாவில் அகதி முகாமில் இருந்த காலத்தில் கைக்குக் கிடைத்த புத்தகமெல்லாம் வாசித்தேன். பழைய பாட்டுகளில் தினைப்புனத்தில் பரண் கட்டிப் பெண்கள் குருவி ஓட்டுவார்கள். அந்த நேரம் பார்த்து ஒருவன் வந்து காதலிப்பான். நல்லது. வந்த குருவி என்ன செய்தது? அதன் மூக்கு எப்படி இருந்தது? அதைச் சொல்ல ஆளில்லை.

நான் சொல்கிறேன். வெளிநாட்டுக்காரர் பிஞ்ச் என்று கொண்டாடுகிற குருவிகளுக்கு எங்கள் நெல்லுக்குருவி தூரத்துச் சொந்தம். புத்தகத்தில் சில்லை என்று போட்டிருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கும். நெஞ்சில் மீன் செதில் மாதிரிக் கோலம். கட்டை மூக்கு. அந்த மூக்குக்குள் ஒரு நெல்லை உருட்டி, உமியை மட்டும் வெளியே தள்ளும். எந்த மில்லிலும் அவ்வளவு சுத்தமாக வராது. ஆண் குருவி பாடும்போது தொண்டை துடிக்கும், சத்தம் கேட்காது. பக்கத்தில் இருக்கிற குருவி அதன் வாய்க்குக் கிட்டத் தலையைக் கொண்டுபோய்க் கேட்கும். வரப்பில் அசையாமல் குந்தியிருந்து இதைப் பார்த்திருக்கிறேன். எழுதுகிறவன் இதையல்லவா எழுத வேண்டும்.

இப்போது ஊர் திரும்பி வயல் செய்கிறேன். போன காலபோகத்தில், மாரிமழை விதைப்பில், முருங்கனுக்குப் பக்கத்தில் அரை ஏக்கரை விதைநெல்லுக்கென்று விட்டிருந்தேன். அது போனால் அடுத்த போகத்துக்கு என்னிடம் விதை இல்லை. கதிர் பால் பிடித்ததும் குருவி கூட்டமாக இறங்கியது. தகரம் தட்டினால் எழும்பும், ஒரு வட்டம் அடித்து மறுபடி இறங்கும். பேசாலையில் கடல் தொழில் செய்கிற மனைவியின் தம்பியிடம் வலை கேட்டேன். வாடைக்காற்றில் அவன் கடலுக்குப் போகாமல் இருந்த நாட்கள். அலை அடங்கிக் கடல் படிந்ததும் வந்து எடுப்பேன், வலையில் ஒரு கண் அறுந்தாலும் உறவு முறிந்தது என்று சொல்லித்தான் தந்தான். கம்பு நட்டு வயலுக்கு மேலே விரித்தேன்.

முட்டாள் வேலை. மீன் வலை பிடிப்பதற்கென்றே செய்தது. மூடி வைக்க அதற்குத் தெரியாது. நாலாம் நாள் காலையில் போனால் ஒன்பது குருவி தொங்குகின்றன. நாலு செத்துவிட்டன. உயிரோடு இருந்த ஒன்றைப் பிடித்து இழுத்தேன். நூல் சிறகுச் செட்டைக்கு அடியில் இன்னும் இறுகியது. கத்தியை எடுத்தேன்.

கடல் படிந்துவிட்டது என்று வலை எடுக்க அவன் வந்ததும் அதே நேரம்தான். மோட்டார் சைக்கிளை வரப்பில் போட்டுவிட்டு ஓடிவந்து என் கையைப் பிடித்தான்.

“அத்தான், வலையில கத்தி வைச்சியளெண்டா எங்கட வீட்டுப் பக்கம் வராதேங்கோ. பின்னுக்கு இழுக்கக் கூடாது. தலை போன பக்கத்தாலயே தள்ளி எடுக்கோணும். மீன் கழட்டத் தெரியாத ஆளுக்கு அக்காவைக் குடுத்திட்டம்.”

மீனைக் கழற்றுவதுபோலவே நாலு குருவியைக் கழற்றினான். ஒரு இறகு விழவில்லை. அந்தக் காய்த்த விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஐந்தாவதுக்குக் கழுத்திலும் செட்டையிலும் நூல் சுற்றியிருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தான். வழி இல்லை. பிறகு குனிந்து பல்லால் நூலைக் கடித்தான். மூன்று கண் அறுந்தது.

“பேசாலையில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.”

கையைத் திறந்தான். காட்டுப் பக்கம் பறக்கும் என்று நினைத்தேன். பத்தடி தள்ளி என் விதைநெல்லிலேயே போய் இருந்தது. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கியது. பிறகு ஒரு கதிரில் தொங்கித் தின்னத் தொடங்கியது. அவனுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நான் தூஷணத்தில் ஏசினேன், கல் மட்டும் எறியவில்லை.

வலையைச் சுருட்டிக் கொடுத்து அனுப்பினேன். அறுப்பு வரை நானும் மனைவியும் மாறி மாறி வெயிலில் நின்று குருவி ஓட்டினோம். விதை முக்கால்வாசி தப்பியது. கால்வாசியைக் குருவி தின்றது. எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்லி என்ன. ஆனாலும் இனி வலை கேட்கப் போவதில்லை.