சரக்குச் சட்டியோடு போன அம்மா

சென்ற செவ்வாய்க்கிழமை அம்மாவைக் காணவில்லை.

குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன் — அம்மா உட்காரும் கதிரை காலி. வாசல் கேற் திறந்து கிடக்கிறது. அடுப்பில் இருந்த சட்டியையும் காணோம்!

அம்மாவின் மறதி பற்றி இந்தப் பத்தியில் முன்பும் புலம்பியிருக்கிறேன். என் பெயர் சில நாட்களில் அவருக்கு நினைவிருக்கும், சில நாட்களில் இருக்காது. சரக்கு அரைப்பது மட்டும் மறக்கவில்லை. அன்றும் காலையிலிருந்தே மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு, உள்ளி என்று அம்மியடியில் இருந்தார். கேட்டு வாங்கிய ஓரா மீனைப் போட்டுக் கறியும் வைத்தார். ஏதோ ஒரு வேலையில் இருக்கிறாரே என்று நானும் பேசாமல் விட்டுவிட்டேன்.

சரக்கு என்றதும் தமிழ்நாட்டு வாசகர்கள் வேறெதையும் நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் அது பிள்ளை பெற்ற பெண்களுக்குக் கொடுக்கும் பத்தியக் கறி. செங்கலடியில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் அம்மாவின் சட்டி அங்கே போய்விடும். தெரிந்தவர், தெரியாதவர் என்ற கணக்கெல்லாம் கிடையாது. சண்டைக் காலத்தில் இராணுவச் சென்றியில் மூடியைத் திறந்து காட்டிவிட்டு நடந்திருக்கிறார். பக்கத்து முஸ்லிம் ஊரான ஏறாவூரும் எங்களூரும் முகம் பார்க்காமல் இருந்த நாட்களிலும், எல்லை வீதியில் பிள்ளை பெற்றிருந்த ஒரு முஸ்லிம் பெண்ணின் வீட்டுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். அப்பா சத்தம் போட்டாராம். "அந்தப் புள்ளைக்குத் தாய் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா சட்டியைக் கழுவினாராம்.

அதனால்தான் அவர் ஊருக்கே பெரியம்மா. வழி தவறி நின்றால் யாராவது கையைப் பிடித்துக் கூட்டி வந்து விடுவார்கள்.

சந்திக்கு ஓடினேன். ஓட்டோ ஓட்டும் ரவி சொன்னார் — "பெரியம்மா நிரோட வீட்டுப் பக்கம் போறா அக்கா. ஏறுங்க எண்டன், நடந்து போறன் எண்டுட்டா."

நிரோ வீட்டுக்கா!

நிரோ எங்கள் அடுத்த தெருப் பெண். தாய் குவைத்தில் வீட்டு வேலை. கணவனுக்குப் பாசிக்குடாவில் ஹோட்டல் வேலை. போன மாதம் அவளுக்குப் பிரசவம். பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை. அம்மாவிடம் சொன்னோம். அன்று முழுக்க அழுதார். மறுநாள் காலையில் "நிரோக்குப் புள்ள பொறந்திட்டா?" என்று கேட்டார். திரும்பவும் சொன்னேன், திரும்பவும் அழுதார். அதற்குப் பிறகு சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது அந்த வீட்டுக்கு, பிள்ளை பார்க்க, பத்தியக் கறியோடு போகிறார்!

ரவியின் ஓட்டோவில் ஏறினேன். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது? 'அம்மாவுக்கு நினைவில்லை' என்றால் அந்தப் பெண்ணின் வயிறு ஆறுமா? லண்டனில் இருக்கும் தம்பி ஒவ்வொரு முறை பேசும்போதும் கேற்றைப் பூட்டச் சொல்வான். அவன் தொல்லை தாங்காமல் பூட்டு ஒன்று வாங்கி மேசை லாச்சியில் போட்டிருந்தேன். பூட்ட மட்டும் மனமில்லாமல் இருந்தது. வாழ்நாளெல்லாம் ஊர் வீடுகளுக்குள் கேட்காமல் போய் வந்தவரை எப்படிப் பூட்டி வைப்பது... ஆனால் ஓட்டோவில் முடிவெடுத்துவிட்டேன். இன்றோடு சரி. இனி அம்மா வெளியே போவதில்லை.

நிரோவின் வீட்டுக் கதவு திறந்திருந்தது.

குசினியில் நிரோ நிலத்தில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர். பக்கத்தில் அம்மா. மீனில் முள் எடுத்து எடுத்து அவள் சோற்றுக் கோப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. அவ்வளவுதான்.

நான் தடுமாறித் தடுமாறி மன்னிப்பைத் தொடங்கினேன். நிரோ வேண்டாம் என்று தலையாட்டினாள். அம்மா கை கழுவக் கிணற்றடிக்குப் போகும்வரை காத்திருந்துவிட்டுப் பேசினாள்.

"வந்ததும் கேட்டா அக்கா, என்ன புள்ளகா எண்டு. பொம்புளப் புள்ள பெரியம்மா எண்டன். இவ்வளவு நாளும் அத ஒருத்தரும் என்னட்டக் கேக்கல்ல."

சோற்றைப் பிசைந்தபடியே மேலும் சொன்னாள்.

"புள்ள எங்க எண்டு கேட்டா. இல்ல எண்டன். சோத்தப் போட்டு, கறிய ஊத்தினா. பொறகு சொன்னா — புள்ள இல்லாட்டியும் நீ பெத்தவள்தானே மனே, தின்னு எண்டு."

அந்த இடத்திலேயே நானும் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் சொன்னது உண்மை. நாங்கள் யாருமே கேட்கவில்லை. ஊர் இரக்கமில்லாத ஊரல்ல. சோற்றுப் பார்சல் போனது, பாண் போனது — எல்லாம் வாசலில் வைத்துக் கணவன் கையில் கொடுத்ததுதான். நானும் அப்படித்தான் ஒரு பை பழத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். உள்ளே போனால் அவளுக்கு ஞாபகம் வந்துவிடுமாம்! அவள் எப்போது மறந்தாள், நாம் ஞாபகப்படுத்துவதற்கு? பிள்ளை இல்லை என்றதும் பத்தியமும் தேவையில்லை என்று ஊரே பேசாமல் முடிவெடுத்துவிட்டது. பெற்ற உடம்பு ஒன்று அந்த வீட்டுக்குள் தனியாகக் கிடந்தது. அம்மா மறந்துபோய் அங்கே போனார். நன்றாக நினைவிருந்த நாங்கள் போகவில்லை. இதில் எது வருத்தம் என்று யோசித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பும்போது ஓட்டோவில் அம்மா கேட்டார், நாம் யார் வீட்டுக்குப் போய் வருகிறோம் என்று. அத்தனையும் அதற்குள் அழிந்துவிட்டது. வெறும் சட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

மறுநாள் காலை, கதிரையில் வந்து இருந்ததும் அதே கேள்வி.

"நிரோக்குப் புள்ள பொறந்திட்டாகா?"

இந்த முறை எனக்குப் பதில் தெரிந்தது.

"ஓம் அம்மா, பொறந்திட்டு. பொம்புளப் புள்ள."

அம்மாவின் முகம் மலர்ந்தது. வேர்க்கொம்பு இருக்கிறதா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். மீன் வாங்கி வந்தேன். மத்தியானம் இரண்டு பேருமாக நடந்தே போனோம். சட்டியை நான் தூக்கினேன். வீட்டுக்குள் முதலில் அம்மாதான் போனார்.

லாச்சியில் அந்தப் பூட்டு இன்னும் உறை பிரிக்காமல் கிடக்கிறது... கடைக்காரர் திருப்பி எடுப்பாரா என்று கேட்க வேண்டும்.